விபத்தில் தலைக்காயம்: பெங்களூரில் யார் செலவு ஏற்பார்கள், எதுவரை?

சாலை விபத்தில் காயம்பட்ட யாருக்கும், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. 2025 மே 5 அன்று மத்திய அரசு அறிவித்த திட்டம் இது. மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்ட விபத்தாக இருந்தால் போதும். வருமானமோ ரேஷன் கார்டோ கேட்க மாட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கும், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே உரிமைதான். தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அந்த மாநில எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டும். எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்தில் விழுந்தவருக்கு மத்திய அரசின் திட்டமே கைகொடுக்கும்.

திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் முழுச் சிகிச்சை. மற்ற இடங்களில் உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவரும்வரைதான்.

தலைக்காயத்தில் நேரம்தான் எல்லாம். மண்டையோடு விரியாது. உள்ளே ரத்தம் கட்டினாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். பெரியவர்களுக்கு இந்த அழுத்தம் பொதுவாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். பலத்த காயத்தில் அது 22-ஐத் தாண்டினால் குறைத்தாக வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஓடுங்கள். சிலர் விழுந்தபின் நன்றாகப் பேசுவார்கள், சில மணி நேரத்தில் நினைவிழப்பார்கள். ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சிடி ஸ்கேன் சில நிமிட வேலை. பெங்களூரின் மூளை, நரம்பு ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும்.

போலீஸ் கேஸுக்குப் பயந்து ‘மாடிப்படியில் வழுக்கிட்டான்’ என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாலை விபத்து என்று பதிவாகி, போலீஸ் உறுதிசெய்தால்தான் இந்த உரிமை. தூக்கிக்கொண்டு வந்தவரைப் பற்றியும் கவலை வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது, விருப்பமில்லாமல் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அறுவை சிகிச்சை. கட்டிய ரத்தத்தை எடுப்பார்கள், அல்லது மூளைக்குள் இருக்கும் நீரைக் குழாய் வழியாக வடிப்பார்கள். வீக்கம் அதற்கும் அடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு துண்டையே எடுத்துவிட்டு, மூளை வீங்க இடம் விடுவார்கள். அந்த எலும்பை ஆஸ்பத்திரி உறைபெட்டியிலோ நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலோ வைத்திருந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அதற்குள் 7 நாள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். குடும்பங்கள் திகைத்து நிற்பது இங்கேதான்.

இந்த இரண்டாவது ஆபரேஷனுக்கு ‘ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகா’ திட்டத்தைக் கேளுங்கள். பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) கார்டு இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஏபிஎல் (வறுமைக் கோட்டுக்கு மேல்) என்றால் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதத்தை மட்டும் திட்டம் ஏற்கும், அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. அவசரமல்லாத பெரிய சிகிச்சைக்குப் பொதுவாக அரசு ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு மட்டும் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஓசூர் அல்லது சேலம் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம், அவசரமில்லாத ஆபரேஷன் என்பதால் அதற்கு நேரம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்புத் துண்டு எங்கே இருக்கிறது, எப்போது பொருத்த வேண்டும் என்பதை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.