தாங்குதிறன்: சரக்குக் கப்பலிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு

ஒரு வாழிடத்திலுள்ள உணவு, நீர், இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு, அந்த வாழிடம் சீர்கெடாமல், ஓர் இனத்தில் எத்தனை உயிர்கள் தொடர்ந்து பிழைத்திருக்க முடியுமோ அந்த எண்ணிக்கைக்குத் தாங்குதிறன் என்று பெயர். ஆங்கிலத்தில் கேரியிங் கெபாசிட்டி. இதில் 'சீர்கெடாமல்', 'தொடர்ந்து' என்ற இரண்டு சொற்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இது சூழலியலில் பிறந்த சொல் அல்ல. 1840களில் ஒரு கப்பல் எவ்வளவு சரக்கு ஏற்றும் என்பதைக் குறிக்க வழங்கியது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களுக்கு வந்தது. இத்தனை ஏக்கருக்கு இத்தனை மாடு என்று கணக்கிடப் பயன்பட்டது. 1933இல் அமெரிக்கச் சூழலியலர் ஆல்டோ லியோபோல்ட் அதைக் காட்டுவிலங்கு மேலாண்மையில் எடுத்தாண்டார். 1953இல் இன்னொரு அமெரிக்கச் சூழலியலர் யூஜின் ஓடம் அதை இனக்கூட்ட (ஓரிடத்தில் வாழும் ஓர் இனத்து உயிர்களின்) வளர்ச்சிக் கோட்டின் மேல் எல்லையோடு பொருத்தினார். அந்தக் கோட்டுக்கான சமன்பாட்டை பெல்ஜியக் கணிதர் வெர்ஹல்ஸ்ட் 1838இலேயே தந்துவிட்டார். பெயர்தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கப்பலில் பிறந்ததால் சொல்லுக்கு ஒரு குறை உண்டு. சரக்கு கப்பலைத் தின்பதில்லை. மாடு மேய்ச்சல் நிலத்தைத் தின்கிறது. அதனால் கப்பலுக்கு எண் மாறாது, நிலத்துக்கு மாறும்.

தமிழில் 'சுமைதிறன்' என்றால் மறுபடி கப்பலுக்கே போய்விடுகிறோம். 'கொள்ளளவு' அணைக்கும் குடத்துக்கும் உரியது. இடம் இருந்தால் போதும் என்ற எண்ணத்தைத் தரும். 'தாங்கு' அப்படியல்ல. 'இந்த நிலம் எத்தனை மாடு தாங்கும்?' என்று கேட்கும்போதே, மீறினால் நிலம் கெடும் என்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. மூலச்சொல்லைவிட இதுவே பொருளுக்கு நெருக்கம் என்பேன். தாங்குதிறன் வினைத்தொகை, எனவே 'தாங்குத்திறன்' என்று ஒற்று மிகாது. கூடவே இன்னொன்று: 'யானைகளின் மக்கள்தொகை' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யானைகள் மக்கள் அல்ல. இனக்கூட்டம் என்றோ யானைகளின் எண்ணிக்கை என்றோ எழுதலாம்.

சமன்பாடு எளிது. ஆண்டு வளர்ச்சி = பெருக்க வீதம் × எண்ணிக்கை × (1 − எண்ணிக்கை ÷ தாங்குதிறன்). தாங்குதிறன் 1,000, பெருக்க வீதம் 0.5 என்று வைத்துப் பாருங்கள். 100 விலங்குகள் இருந்தால் வளர்ச்சி 45. 500 இருந்தால் 125, இதுதான் உச்சம். 900இல் மறுபடி 45. 1,100 ஆகிவிட்டால் 55 குறையும். மீன்பிடிப்பில் கூட்டத்தைத் தாங்குதிறனின் பாதியளவில் வைத்திருந்தால் அதிக மகசூல் கிடைக்கும் என்ற வாதம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் சமன்பாடு ஒன்றை மறைக்கிறது: உணவு குறைந்ததும் பிறப்பு உடனே குறையும் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தாமதம் ஆகும். அந்தத் தாமதத்துக்குள் கூட்டம் எல்லையைத் தாண்டிவிடும்.

பெரிங் கடலிலுள்ள செயின்ட் மேத்யூ தீவில் நடந்தது இதுவே. 1944இல் அங்கே 29 துருவ மான்களை (ரெயின்டீர்) இறக்கினார்கள். ஓநாய் இல்லை, குளிர்கால உணவான கற்பாசி மெத்தையாக மண்டிக் கிடந்தது. 1957இல் 1,350. 1963இல் 6,000. அந்த இடைவெளியில் மான்களின் உடல் எடை வெகுவாகக் குறைந்திருந்தது. தலையை எண்ணியவர்களுக்கு அது தெரிந்திருக்காது, எடை போட்டவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த கடுங்குளிரில் கூட்டம் சரிந்தது. 1966இல் எஞ்சியவை 42. அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று, குட்டி ஒன்றுகூட இல்லை. 6,000 என்பது தீவின் தாங்குதிறன் அன்று, ஒரு குறுகிய கால உச்சம் மட்டுமே. கற்பாசி மிக மெதுவாக வளர்வது. அதை மேய்ந்து தீர்த்தபோது தாங்குதிறனே சரிந்துவிட்டது.

வேறோர் இனம் உள்ளே வந்தாலும் கணக்கு மாறும். 1,000 ஆடு தாங்கும் நிலத்தில், ஒரு மாடு ஐந்து ஆட்டின் தீனியைத் தின்னும் என்றால், 100 மாடுகள் வந்ததும் மிஞ்சுவது 500 ஆடுகளுக்கான இடம்தான். இந்த 'ஐந்து' போட்டிக் கெழு, அதாவது ஓர் இனத்தின் ஓர் உயிர் மற்ற இனத்தின் எத்தனை உயிர்களுக்குச் சமமாகத் தின்கிறது என்று காட்டும் எண். ஆடு மாட்டைப் பாதிக்கும் கெழு ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மாடு தொடாத புதரை ஆடு மேய்ந்தால் அது இன்னும் குறைவு.

ரஷ்ய அறிவியலர் காஸ் 1934இல் வெளியிட்ட ஆய்வில், பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியின் ஆரீலியா, காடேட்டம் என்ற இரண்டு இனங்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தபோது ஒவ்வொன்றும் தன் எல்லையைத் தொட்டு நின்றது. ஒரே குழாயில் விட்டபோது ஆரீலியா நிலைத்தது, காடேட்டம் மறைந்தது. அதே காடேட்டத்தை பர்சேரியா என்ற மூன்றாவது இனத்தோடு சேர்த்தபோது இரண்டும் பிழைத்தன. காடேட்டம் மேல்மட்டத்தில் பாக்டீரியாவைத் தின்றது, பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. ஆனாலும் இரண்டின் எண்ணிக்கையும் தனியாக இருந்தபோது எட்டியதைவிடக் குறைவாகவே நின்றன.