உடைந்த விரல் கணுவுக்கு ரப்பர் பேண்ட் எதற்கு?

கேட்ச் பிடிக்கப் போகிறோம். பந்து உள்ளங்கையில் விழாமல் நீட்டிய விரல் நுனியில் இடிக்கிறது. நடுக்கணு வீங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு, "சுளுக்குதான், சரியாகிவிடும்" என்கிறார். சில வாரம் கழித்து, விரல் மடங்கவில்லையே என்று மருத்துவரிடம் போகும்போது சிகிச்சை பல மடங்கு கடினமாகியிருக்கும். வீங்கிய கணுவுக்கு அன்றே எக்ஸ்ரே எடுங்கள். மற்ற விரல்கள் மறைக்காதபடி, அந்த ஒரு விரலைப் பக்கவாட்டில் எடுத்த படம் கட்டாயம் வேண்டும்.

ஏனென்றால் உடைவது மிகச் சின்ன இடம். உள்ளங்கையை ஒட்டிய முதல் விரல் எலும்பின் தலையில், அதாவது அதன் நுனிப்பக்க முனையில், இரண்டு குமிழ்கள் உண்டு. நடு எலும்பின் அடிப்பகுதி கிண்ணம்போல அவற்றின்மேல் உட்கார்ந்து, கதவுக் கீல்போல ஏறக்குறைய 100 டிகிரி மடங்குகிறது. பந்து இடித்தால் அந்தக் கிண்ணத்தின் உள்ளங்கைப் பக்க விளிம்பு பெயர்ந்துவிடலாம். தடுக்க விளிம்பு இல்லாததால் நடு எலும்பு புறங்கைப் பக்கம் வழுக்கி ஏறும். பெயர்ந்தது மூட்டுப் பரப்பில் 30 சதவீதத்துக்குள் என்றால், விரலைச் சற்று மடக்கிய நிலையில் கட்டுவதே பெரும்பாலும் போதும். பாதியைத் தாண்டினால் மூட்டு நிற்காது. அறுவை சிகிச்சைதான்.

சரி, கம்பி குத்தி அசையாமல் வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். உடைந்த எலும்பு ஒன்றுசேர அசையாமல் இருக்க வேண்டும். மூட்டு கெடாமல் இருக்க அசைய வேண்டும். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவமே அதற்கு உணவு, அது உள்ளே ஊற அசைவு வேண்டும். மூன்று நான்கு வாரம் கட்டிப்போட்டால் மூட்டைச் சுற்றிய சவ்வு சுருங்கி, தசைநாண்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பானிய மருத்துவர் சுசுகியும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய கம்பி ஒன்றை மூட்டு சுழலும் அச்சிலேயே, முதல் எலும்பின் தலைக்குள் குறுக்காகச் செலுத்துகிறார்கள். அதன் இரு முனைகளையும் விரலின் இருபுறமும் நுனிவரை வளைத்துக் கொண்டுபோய்க் கொக்கியாக்குகிறார்கள். நடு எலும்பின் மறுமுனையில் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் இடையே ரப்பர் பேண்டுகள். ரப்பர் நடு எலும்பை நுனிப்பக்கம் இழுக்க, மூட்டைச் சுற்றி எலும்போடு எலும்பை இணைக்கும் தசைநார்கள் விறைத்து, சிதறிய துண்டுகளை இடத்துக்குக் கொண்டுவருகின்றன. எலும்பு மறுபடி வழுக்காமல் மூன்றாவது கம்பி தடுக்கிறது. முதல் கம்பி அச்சிலேயே இருப்பதால் விரலை எவ்வளவு மடக்கினாலும் இழுவிசை அப்படியே இருக்கும். ஆகவே முதல் சில நாட்களிலேயே மடக்கிப் பழகலாம்.

விளிம்பு தூளாகிப் போயிருந்தால் மணிக்கட்டில் இருக்கும் கொக்கி எலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, குட்டி ஸ்க்ரூக்களால் பொருத்துகிறார்கள். இயற்கையாகவே அதன் ஓரமும் அதே கிண்ண வடிவம்! அப்புறம் வாரக்கணக்கில் பிசியோதெரபி. வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். கணு சற்றுத் தடித்தே நின்று, பழைய மோதிரம் ஏறாமல் போகலாம்.