அந்த ‘டா’வுக்கு ஆங்கிலம் இல்லை

சிங்கப்பூர் அரசு நீதிமன்றத்தில் ஒரு காலை. குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் வாசித்து முடித்தார்கள். கூண்டில் நின்றவர் கட்டுமான ஊழியர். இருபத்தைந்து வயது இருக்கலாம். அதை அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. துணைப் போலிஸ் அதிகாரியைப் பார்த்து அவர் உதிர்த்த சொல்லும் அதில் இருந்தது. தாயைப் பழிக்கும் சொல். அதை என் வாயால் அவரிடமே திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் எதையும் மழுப்பக் கூடாது. எழுத்தில் கிடப்பது வசை என்றால் வாயில் வருவதும் வசையாகத்தான் இருக்க வேண்டும். (என் தொழில் என்னவென்று அம்மாவிடம் கடைசி வரை முழுதாகச் சொல்லவில்லை. ‘கோர்ட்டில் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.) நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் இந்த ஒரு குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லிச் சொல்லி, அதன் சட்டப்பிரிவு எனக்கு மனப்பாடம். இங்கே ஆட்களும் சம்பவங்களும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருக்கின்றன.

நடந்தது சாதாரண விஷயம். ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா பக்கம், கையில் ஒரு பீர் டின். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஏழு மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு. 2015ஆம் ஆண்டின் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த தடை அது. கொட்டிவிடச் சொன்னார் அதிகாரி. கொட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த மாலை அதோடு முடிந்திருக்கும். நண்பர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் முந்திக்கொண்டது. அதிகாரி மலாய்க்காரர், தனக்குத் தமிழ் தெரியாது என்றே வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். அந்தச் சொல் மட்டும் தெரிந்திருந்தது. நம் மொழியிலிருந்து மற்றவர்கள் முதலில் கற்றுக்கொள்வது திருக்குறளை அல்ல.

வழக்கறிஞர் அறையில் பேசப்படுவதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கேள்வியை ஒருவர் இருவரல்ல, பலர் என்னிடம் தாழ்வாரத்தில் கேட்டிருக்கிறார்கள்: “அக்கா, அமெரிக்காவில் போலிஸ்காரரை முகத்துக்கு நேராகவே திட்டுகிறார்கள். வீடியோவில் பார்த்தேன். அவர்களை யாரும் ஒன்றும் செய்வதில்லையே?”

அவர்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. அங்கே 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத் தாழ்வாரத்தில், கட்டாய ராணுவச் சேர்ப்பைக் கெட்ட வார்த்தையில் வைத வாசகம் கொண்ட மேற்சட்டையோடு ஓர் இளைஞர் நடந்து போனார். முப்பது நாள் சிறை என்றது கீழ்க்கோர்ட்டு. 1971இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1987இல், பணியில் இருக்கும் போலிஸ்காரரிடம் குறுக்கே பேசுவதைக் குற்றமாக்கிய ஹூஸ்டன் நகர விதியும் அதே நீதிமன்றத்தில் விழுந்தது. அங்கேயும் எல்லை இல்லாமல் இல்லை: நகர அதிகாரி ஒருவரை நேருக்கு நேர் வைத ஒருவரின் தண்டனையை 1942இல் அந்த நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. உடனே கைகலப்பைத் தூண்டும் சொல்லுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அதன் சாரம். ஆனாலும் பொதுவாக, சீருடை அணிந்தவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த ஊர் வழக்கம்.

சிங்கப்பூர் அந்த ஊர் இல்லை. அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த உரிமை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும். வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிக்கு அந்த வாதத்தின் முதல் படியே கிடையாது. அபராதம் கட்டி முடித்த பின்னும் வேலை அனுமதி நிலைக்குமா என்ற கவலை அவருக்கு மிச்சமிருக்கும்.

குற்றச்சாட்டு வருவது 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் 6ஆவது பிரிவில். பணி தொடர்பாக ஓர் அரசு ஊழியரிடம் அநாகரிகமான, மிரட்டும், வசைபாடும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலிஸ் மட்டுமல்ல, பொது மருத்துவமனைத் தாதியும் பொதுப் போக்குவரத்து ஊழியரும் பொதுச் சேவை ஊழியர் என்ற பெயரில் இந்தக் குடைக்குள் வருகிறார்கள். புளோக்கின் கீழே உட்கார்ந்திருக்கும் பாதுகாவல் அதிகாரிகளுக்கும் 2022 மே மாதம் முதல் வேறொரு சட்டத்தில் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. நேரில் பேசினால்தான் என்றில்லை, மின்னஞ்சலில் எழுதினாலும் பொருந்தும்.

அந்த நான்கு சொற்களில் கடைசிச் சொல்தான் எனக்கு உறுத்தல். ‘இழிவுபடுத்தும்’. அது எங்கே தொடங்குகிறது? பிரிட்டனில் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆவது பிரிவிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள்; 2014 பிப்ரவரியில் அது நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

இன்னொரு வழக்கில் எழுத்தில் இருந்தது வெறும் ‘போடா’. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவர், அபராதச் சீட்டு எழுதிய இளம் அதிகாரியிடம் சொன்னது. இருவரும் தமிழர்கள். ஆங்கிலத்தில் ‘போ’வுக்குச் சொல் உண்டு. ‘டா’வுக்கு இல்லை. நீதிபதி என்னைப் பார்த்து, அந்த ஓரெழுத்துக்கு என்ன பொருள் என்று கேட்டார். என்ன சொல்வது? அப்பா மகனிடம் சொன்னால் கொஞ்சல். நண்பர்களுக்குள் ஒன்றுமே இல்லை. வயதில் மூத்தவர் முன்பின் தெரியாத இளையவரிடம் சொன்னால் அலட்சியம். சீருடையில் இருப்பவருக்கு, அதுவும் நான்கு பேர் முன்னால், அது ஓர் அறை. இவ்வளவையும் சொன்னேன். கருத்துச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அரசுத் தரப்பும் வழக்கறிஞரும் பேசி, அந்த வரியைச் சம்பவ அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வரி தப்பவில்லை. அதை இங்கே எழுத மாட்டேன்.

தாயைப் பழிக்கும் சொல்லுக்கு இதற்கு நேர்மாறான கதி. தெருவில் அது பலர் வாயில் பழகித் தேய்ந்த சொல். “பழக்கதோஷம், அர்த்தம் வைத்துச் சொல்லவில்லை” என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாறும்போது தேய்ந்த சொல் புதிதாகத் தீட்டப்பட்டு நிற்கிறது. அதைக் கேட்கும் அதிகாரிக்கும் அம்மா இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதிகாரியோடு மாறுபடுவது குற்றமில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கலாம். சாதாரண உடையில் வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். அபராதம் தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம், அந்த அமைப்புக்குப் புகார் எழுதலாம், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம். கடுமையாகவே எழுதலாம். ஆனால், பணி செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு அதிகாரியின் அடையாள விவரங்களை இணையத்தில் போடுவது 2020 முதல் அதே 6ஆவது பிரிவில் குற்றம். கோபத்தில் கைபேசியைத் தூக்குபவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். இப்போது அதிகாரிகளின் மார்பிலும் கேமரா இருக்கிறது. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று வழக்கை நடத்துவது கடினம்.

தேக்கா இளைஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம். கட்டணம் செலுத்தும் இடத்தில் வரிசையில் நின்றபோது அருகே வந்தார்.

“அக்கா, உங்களை அந்த வார்த்தையைச் சொல்ல வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

அதிகாரியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். வரிசை நகர்ந்தது.