ஊதா கலர் அடிச்சா ஆறு ஒதுங்கிப் போயிடுமா?

போன மாசம் மச்சான் போன் பண்ணான். வடசென்னைல மணலி புதுநகர் தாண்டி ஒரு மனை வருதாம், ரெசிடென்ஷியல் ஜோன்தான், பட்டா கிளியர், வாங்கலாமான்னு கேட்டான். ஜோன் இருக்கட்டும்டா, தரை எவ்ளோ உயரம், லெவல் என்னன்னு கேட்டேன். அது எதுக்குன்னான். அதுக்குத்தான் இந்தக் கதை.

ஜோன்னா ஒண்ணுமில்ல, எங்க என்ன கட்டலாம்னு சென்னைக்குத் திட்டம் போடுற சிஎம்டிஏவோட மாஸ்டர் பிளான் மேப்ல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு கலர். வீட்டுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, கம்பெனிக்கு ஊதா, ரொம்ப ஆபத்தான தொழிலுக்குத் தனி வகை. வெடிக்கிறது, நாறுறது பக்கத்துல குழந்தைங்க தூங்கக் கூடாதுன்றதுதான் ஐடியா, நல்ல ஐடியாதான். ஆனா நம்ம ஏரியால வரிசை தலைகீழா நடந்துச்சு. மணலி எண்ணெய் ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சது 1969, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970, உரக் கம்பெனி 1971. முதல் மாஸ்டர் பிளான் வந்ததே 1975லதான். அதாவது கம்பெனியெல்லாம் வந்து உக்காந்தப்புறம்தான் அதுக்குக் கலர் அடிச்சாங்க, 2008ல வந்த ரெண்டாவது பிளானும் அதே அடித்தளத்து மேலதான்.

காத்துக்கும் இந்த கலர் தெரியாது. மத்தியானம் கடல்காத்து புகையை உள்ள தள்ளிட்டுப் போவும், ராத்திரி அது திரும்பும். ஜூன், ஜூலைல மேல்காத்து அடிக்கிறப்போ மணலியோட வாடை நேரா திருவொத்தியூர், எர்ணாவூர் பக்கம்தான். ராத்திரில தரையொட்டி காத்து குளிர்ந்து அசையாம படுத்துக்கும், புகை மேல ஏறிக் கலையாது, அதான் விடியக்காலைல ஜன்னலத் தொறந்தா மூக்கு எரியுது.

ஆனா காத்தை விட பெரிய பிரச்சனை தண்ணி. கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியத் தாண்டி வருது, புழல் உபரித் தண்ணி சடையங்குப்பம் பக்கம் வந்து அதோட சேருது, குறுக்க பக்கிங்காம் கால்வாய், எல்லாம் சேர்ந்து கடலுக்குப் போறதுக்கு இருக்கிற வாசல் எண்ணூர் முகத்துவாரம் ஒண்ணுதான். நிலம் பூரா தட்டையா கிடக்கு. மழை கொட்டுற நேரத்துல கடலும் ஏறி நின்னா ஆத்துத் தண்ணி வெளிய போவ முடியாம வெயிட் பண்ணும். எங்க? உப்பளம், சதுப்பு, ஏரி, பொறம்போக்குலதான். மேப்ல பாக்குறவனுக்கு அது காலி இடம், தண்ணிக்கு அது வெயிட்டிங் ரூம்.

அங்க ஒரு கன்டெய்னர் யார்டு வருதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு ஏக்கர்ல ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணடிச்சா சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணி நிக்கிற இடம் போச்சு. நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் டேங்கர் லாரில சொன்னா 337 லோடு. அந்தத் தண்ணி காணாமப் போவாது, பக்கத்துல இன்னும் மேடாக்காதவன் வீட்டுக்குள்ள போவும். அவனும் மண்ணடிப்பான், தண்ணி அடுத்தவன் கிட்ட போவும். ஜோன் சரியா இருந்தும் ஊர் முழுவுறது இப்படித்தான், ஏன்னா கலர் என்ன கட்டலாம்னு சொல்லும், தண்ணிய எங்க தள்ளி விடுறோம்னு சொல்லாது.

இதுக்கு மேல, கடலோரத்துல என்ன கட்டலாம் கட்டக் கூடாதுன்னு சொல்ற கடலோர ஒழுங்குமுறை விதின்னு ஒண்ணு இருக்கு, 1991ல வந்தது. அதுல எனக்குப் புடிச்ச விஷயம், கடல் ஆத்துக்குள்ள எவ்ளோ தூரம் வருதுன்றத உப்பை வெச்சு முடிவு பண்றாங்க. லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் அந்த விதி செல்லும். கடல்தண்ணில சுமார் 35 கிராம் இருக்கும். அதுவும் வருஷத்துலயே ரொம்ப வறண்ட காலத்துல அளக்கணும், ஏன்னா மேலேர்ந்து ஆத்துத் தண்ணி வராதப்போதான் உப்பு ரொம்ப உள்ள ஏறும். மழைக்காலத்துல அளந்தா கடல் ஆத்துக்குள்ள வரவே இல்லன்ற மாதிரி காட்டும். இந்த மாதிரி உப்பேறுற கழிமுகக் கரைலேர்ந்து 100 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடுன்னு 2011 விதி சொல்லிச்சு, 2019ல அது 50 ஆச்சு. கழிமுகத்தோட அகலம் அதை விடக் கம்மியா இருந்தா அந்த அகலம்தான் கணக்கு. முகத்துவாரம் மண்மூடி கடல்தண்ணி உள்ள வர்றது கொறைஞ்சா உப்புக்கோடும் கடல் பக்கமா பின்னால போவும். விதி மாறாமலே எல்லை மட்டும் நகருது பாருங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலி பக்கத்து எண்ணெயையும் கலந்து எடுத்துட்டு பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூருக்கு வந்துச்சு. ஊதா கலர்ல இருந்த எண்ணெய், வீடுங்க சுவத்துல கருப்புக் கோடா நின்னுச்சு. அந்தக் கோடு எவ்ளோ உயரமோ அதான் அந்த இடத்தோட உண்மையான மேப்னு நான் சொல்லுவேன்.

மச்சானைக் கூட்டிட்டுப் போய் அந்தத் தெருவுல ஒண்ணு மட்டும் பாருன்னேன், ஈபி மீட்டர் பாக்ஸ் எங்க இருக்குன்னு. பழைய வீட்டுலெல்லாம் இடுப்பு உயரம், புதுசுல தலைக்கு மேல. பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அட்வான்ஸ் முன்னாடியே குடுத்துட்டானாம். இப்ப என்கிட்டயே கேக்குறான், மனைய மேடாக்க எத்தனை லோடு மண்ணு ஆவும்னு.