"என்னால் இயலாது" என்னும் எண்ணமும் அப்பியாசமும்

"எனக்கு மனம் ஒருமுகப்படவே படாது" என்று யோகப் பயிற்சிக்கு வருவோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடலின் இறுக்கத்தைவிட இந்த நம்பிக்கையே அவர்களைப் பயிற்சியிலிருந்து விலக்குகிறது. தம் இயல்பைப் பற்றிய உண்மையைச் சொல்வதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். யோக சூத்திரம் என்னும் நூலை இயற்றிய பதஞ்சலியின் பார்வையிலோ அதுவும் மனத்தில் எழுந்து அடங்கும் ஒரு விருத்தியே, அதாவது மன அசைவே. விருத்திகளை ஐந்தாகப் பகுக்கும் யோக சூத்திரம், பொருளின் உண்மை வடிவில் நிலைபெறாத பொய்யறிவை விபரியயம் என்கிறது. சில தோல்விகளின் நினைவு "நான் இப்படிப்பட்டவன்" என்ற முடிவாக இறுகும்போது நேர்வது இதுவே. அம்முடிவின்படி நடக்கும் ஒவ்வொரு முறையும் அதன் சம்ஸ்காரம், அதாவது மனத்தில் பதிந்த தடம், ஆழப்பட்டு, அதே எண்ணத்தை மீண்டும் எழுப்புகிறது.

"என்னால் எல்லாம் முடியும்" என்று உரக்கச் சொல்வதால் இச்சுழற்சி உடையும் என நான் கருதவில்லை. உள்ளம் நம்பாததை உதடு சொன்னால், மனம் பழைய தோல்விகளையே மறுமொழியாக எடுத்துவைக்கும். யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் (பகுதியில்) 33ஆம் சூத்திரம் கூறும் பிரதிபட்ச பாவனை, அதாவது எதிர்நிலையை எண்ணிப்பார்த்தல், இதனினும் நுட்பமானது. அகிம்சை முதலிய ஒழுக்கங்களான இயம நியமங்களுக்கு மாறான எண்ணங்களைக் குறித்தே அது சொல்லப்பட்டது. தன்னைத் தானே இகழ்வதும் அகிம்சைக்கு மாறானதே என்பதால், இங்கும் அது பொருந்தும் என்பது என் துணிபு. அத்தகைய எண்ணம் முடிவற்ற துன்பத்தையும் அறியாமையையும் விளைவிக்கும் என்று சிந்திப்பதே அப்பாவனை என அடுத்த சூத்திரம் விளக்குகிறது. ஆகவே அந்த எண்ணத்தோடு வாதிடாமல், அதை நம்பியதால் இதுவரை எவற்றைத் தொடங்காமலே விட்டோம் என்று அமைதியாகப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன்.

பார்த்தபின் செயல் வேண்டும். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு பேணப்படும் அப்பியாசமே, அதாவது பயிற்சியே, உறுதிபெறும் என்கிறது முதற்பாதத்தின் 14ஆம் சூத்திரம். பலர் முதல் இரண்டை ஏற்றுக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். தம்மைக் கடிந்துகொண்டே செய்யும் பயிற்சி, கடிந்துகொள்ளும் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது. தினமும் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்ந்தாலே தொடக்கத்திற்குப் போதும். மனம் நழுவியதை அறிந்து அதை மூச்சுக்குத் திருப்பும் ஒவ்வொரு முறையும், "ஒருமுகப்படவே படாது" என்ற முடிவுக்கு எதிரான சான்று ஒன்று சொந்த அனுபவத்திலேயே கிடைக்கிறது. மனம் நழுவாதிருந்தால் அச்சான்றுக்கு இடமே இல்லை. இடையில் சில நாள் விட்டுப்போனாலும் தொடரலாம். நோய், ஐயம், சோம்பல் ஆகியவற்றோடு, எட்டிய நிலையில் நிலைத்திராமையையும் தடைகளுள் ஒன்றாகப் பதஞ்சலியே எண்ணியிருக்கிறார்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: நம்பிக்கையின்மை வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுத்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, தாமதியாமல் மனநல மருத்துவரை அணுகுங்கள், அச்சிகிச்சைக்குத் துணையாக எந்தப் பயிற்சியைச் செய்யலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள்.