சேவையகமா, வழங்கியா?

'வலை அடிப்படையிலான நிர்வாகக் கருவி மூலம் தொலைநிலை சேவையக மேலாண்மையை அமைத்தல்.' மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு வந்த கையேட்டின் தலைப்பு இது. பதினான்கு பக்கம். விஷயம் ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. வாடகைக்கு எடுத்த லினக்ஸ் கணினி ஒன்றில் வெப்மின் என்ற நிர்வாகக் கருவியை நிறுவ வேண்டும். பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே உலாவியைத் திறந்து அதைக் கவனித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்தப் பதினான்கு பக்கத்தில், 'சர்வர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக, 'சேவையகம்' எழுபத்தொரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன், கோபத்தில்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் நூலக அறக்கட்டளையின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன், மெய்ப்பு முடியும்வரை பொறுக்காமல் அதே கையேட்டை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டான். ராத்திரி பத்து மணிக்குப் போன்.

"அண்ணே, ஆறாம் பக்கத்துல 'சேவையகத்தில் உள்ள சேவையகத்தை மறுதொடக்கம் செய்க'ன்னு போட்டிருக்கு. எந்தச் சேவையகத்தண்ணே சொல்றாங்க?"

"நீ எதைப் பண்ணின?"

"மெஷினையே ரீபூட் பண்ணிட்டேன்."

வலைப்பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி என்ற நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்க வேண்டிய இடம் அது. 212 நாளாக விடாமல் ஓடிக்கொண்டிருந்த கணினி, நடுவில் படுத்து எழுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளக் காப்புப்பிரதியும் பாதியில் அறுந்தது. தம்பி மேல் தப்பில்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தான்.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. அதிலிருந்து 'செர்வீரே', ஊழியம் செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சர்வ்', 'சர்வர்'. கணினிக்காரர்கள் இதை எடுத்தது வரிசைக் கோட்பாட்டிலிருந்து. வரிசையில் நிற்பவருக்கு வேலையை முடித்துக் கொடுப்பவர் யாரோ அவர் 'சர்வர்'. 1953இல் கணிதவியலாளர் கெண்டால் எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பொருளில் உண்டு. 1969இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கிய காலத்தில், அதை வடிவமைத்தவர்கள் எழுதிய ஆர்எஃப்சி என்ற குறிப்பு வரிசையின் ஐந்தாம் ஆவணம் 'யூசர் ஹோஸ்ட்', 'சர்வர் ஹோஸ்ட்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசியது. ரேஷன் கடையில் சீட்டை வாங்கிப் பார்த்து அரிசி அளந்து போடுகிறவரை நினைத்துக்கொண்டால் போதும். இதில் ஒரு வேடிக்கை: 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும் 'மினிஸ்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கும் பணியாள் என்றுதான் பொருள். ஆக சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் வேலைக்காரனை மேய்க்கும் வேலைக்காரன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி தமிழுக்கு வருவோம். 'சேவையகம்' வேண்டாம் என்று நான் சொன்னதும், "ஓ, சேவை வடசொல், அதனால் ஆகாதா?" என்று கேட்பார்கள். இல்லை. நிர்வாகமும் வடசொல்தான், அதை நான் நாள் முழுக்கப் புழங்குகிறேன். சேவைக்குத் தமிழில் நல்ல குடியுரிமை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் கருட சேவை. வைணவர் வீடுகளில் பெருமாளைச் 'சேவிக்க'த்தான் போவார்கள், பார்க்கப் போக மாட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் தேங்காய்ச் சேவை, எலுமிச்சைச் சேவை. அரசு மையத்தின் பெயர்ப்பலகையில் இ-சேவை. இத்தனை பேர் குடியிருக்கும் சொல்லோடு 'அகம்' சேர்ந்தால் தமிழ் காது எதைக் கேட்கும்? மிக்சி சர்வீஸ் செய்யும் கடையைக் கேட்கும். சேவை பிழிந்து விற்கும் கடையைக்கூடக் கேட்கலாம்.

என் முதல் வழக்கு 'சேவை' மேல் இல்லை, 'அகம்' மேல். நூலகம், உணவகம், மருந்தகம், அலுவலகம் எல்லாம் நாம் உள்ளே போய் வரும் இடங்கள். கதவு இருக்கும், பூட்டு இருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இருக்கும். சர்வர் இடமா? இல்லவே இல்லை. அது ஒரு பொறுப்பு. கேட்டதைக் கொடுக்கும் பொறுப்பில் எந்த நிரல் இருக்கிறதோ அது சர்வர். என் மடிக்கணினியில் பைத்தானுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் 8000ஆம் எண்ணில் ஒரு சர்வர் எழுந்து நிற்கும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு இரண்டு கோப்பு கொடுத்துவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தியதும் செத்துப்போகும். ஐந்து நிமிட வாழ்வு. இதையா 'அகம்' என்பது?

வெப்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேமி கேமரன் 1997இல் வெளியிட்டது, பெர்ல் மொழியில் எழுதியது. களஞ்சிய முகவரியைச் சேர்த்துவிட்டு ஏபிடி என்ற நிறுவல் கருவியிடம் நிறுவச் சொன்னால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு உலாவியில் எச்டிடிபிஎஸ் போட்டு, கணினியின் முகவரி, முக்காற்புள்ளி, 10000. சான்றிதழ் தானே கையொப்பமிட்டுக்கொண்டது என்பதால் உலாவி ஒரு முறை பதறும். அதைத் தாண்டிப் போனால் உள்நுழையும் பக்கம். இந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்பியது யார்? மினிசர்வ் என்ற, வெப்மினுக்குள்ளேயே இருக்கும் குட்டி சர்வர். அப்பாச்சி அதற்குத் தேவையே இல்லை. உள்ளே போனால் இடது பக்கப் பட்டியலில் 'சர்வர்கள்' என்று ஒரு தலைப்பு. சொடுக்கினால் அப்பாச்சி, பைண்ட், போஸ்ட்ஃபிக்ஸ், எஸ்எஸ்எச் என்று வரிசையாக விரியும். எல்லாம் அந்த ஒரே கணினியில் ஓடும் நிரல்கள். இதன் மேல் 'சேவையகங்கள்' என்று எழுதி வைத்தால், புதிதாக வருபவர் நான்கு கணினிகள் வெவ்வேறு இடத்தில் இருப்பதாக நினைப்பார். நினைத்திருக்கிறார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் கணினிக்கும் நிரலுக்கும் 'சர்வர்' ஒன்றுதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது ஆளைச் சுட்டும் சொல். ஆள் எங்கே நின்றாலும் ஆள்தான். இடத்தைச் சுட்டும் சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் உணவகத்துக்குள் ஆறு உணவகம் என்றால் யாருக்கும் தலை சுற்றும். ஓர் உணவகத்துக்குள் பரிமாறுகிறவர் ஆறு பேர் என்றால் இலையைப் போடு என்று உட்கார்ந்துவிடுவோம்.

இரண்டாவது வழக்கு இன்னும் கனமானது. லினக்ஸில் 'சர்வீஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, சிஸ்டம்டி என்ற மேற்பார்வை நிரல் பின்னணியில் நிறுத்தி எழுப்பும் நிரல். அதைத் தமிழில் 'சேவை' என்கிறோம், அது சரிதான். இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'சேவையை மறுதொடக்கம் செய்க.' 'சேவையகத்தை மறுதொடக்கம் செய்க.' முதலாவது இரண்டு விநாடி வேலை. இரண்டாவது கணினியையே படுக்க வைப்பது. நடு இரவில், தூக்கக் கலக்கத்தில், மங்கலான திரையில் 'அகம்' என்ற மூன்று எழுத்துதான் உங்களுக்கும் விபத்துக்கும் நடுவில் இருக்கிறது. தம்பியின் கையேட்டில் அந்த மூன்று எழுத்தையும் மொழிபெயர்த்தவரே தவறாக ஒட்டியிருந்தார். 'சர்வரில் உள்ள சர்வீஸ்' என்று இருந்ததை 'சேவையகத்தில் உள்ள சேவையகம்' ஆக்கியிருந்தார். தூங்கி வழிந்திருப்பார், பாவம். ஆனால் சொற்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இல்லாதிருந்தால் தூக்கத்தில்கூடப் பிழை வந்திருக்காது.

சரி, மாற்று என்ன? வழங்கி. 'வழங்கு' பழைய வினை. யானை வழங்கும் காடு என்றால் யானை நடமாடும் காடு. பிறகு புழங்குதல் என்ற பொருள் வந்தது. வழக்கு, வழக்கம் எல்லாம் அதன் பிள்ளைகள். கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. வட்ட வழங்கல் அலுவலர் யாரென்று குடும்ப அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கேட்டு வருகிறவருக்கு, முறைப்படி, உரியதை எடுத்துக் கொடுத்தல். கெண்டாலின் வரிசையில் நிற்கும் சர்வருக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்குமா? விகுதி 'இ', ஒலிபெருக்கி, மின்மாற்றி, குளிரூட்டி போலச் செய்யும் பொருளைக் காட்டுவது. வலை வழங்கி, கோப்பு வழங்கி, அஞ்சல் வழங்கி என்று ஒட்டிக்கொண்டே போகலாம். இரும்புப் பெட்டியைத்தான் குறிக்க வேண்டுமென்றால் 'வழங்கிக் கணினி'. குழப்பம் தீர்ந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 'வழங்கி' வினையெச்சமும் ஆகும். 'நிதி வழங்கி உதவினார்' என்பதில் சர்வர் இல்லை. குறளின் பதினோராம் பாவில் 'உலகம் வழங்கி வருதலால்' என்று வருவதும் எச்சந்தான். அங்கே கொடுத்தல் என்ற பொருள்கூட இல்லை, நிலைபெற்று வருதல் என்பதே பொருள். (மழை நிற்காததால் உலகம் படுக்காமல் ஓடுகிறது என்கிறார். 212 நாள் ஓட்டத்தை இழந்தவனுக்கு அந்த வரி சற்று வலிக்கும்.) ஆனால் இந்தக் குறை ஒலிபெருக்கிக்கும் உண்டு. 'வீட்டைப் பெருக்கி முடித்தாள்' என்றால் யாராவது ஸ்பீக்கரைத் தேடுகிறார்களா? வாக்கியத்தில் உட்காரும் இடம் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

'பரிமாறி' என்றும் சிலர் முயன்றார்கள். ஓட்டல் சர்வரை நினைத்தால் அழகான சொல். ஆனால் பரிமாறுதலுக்கு மாற்றிக்கொள்ளுதல் என்ற பொருளும் இருப்பதால், கருத்துப் பரிமாற்றம், தகவல் பரிமாற்றம் என்று பேசும் அதே பத்தியில் அது இழுபட்டுவிடும். 'சர்வர்' என்றே எழுதலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 'சர்வர் டவுன்' என்று எந்த அலுவலகச் சன்னலில் சொன்னாலும் பாட்டிக்கும் புரிகிறது, நாளைக்கு வா என்று அர்த்தம். புரியாத தமிழைவிடப் புரிகிற கடன்சொல் எனக்கு மேல். 'சேவையகம்' இரண்டிலும் சேராதது.

சொல் ஒன்று கெட்டால் பக்கத்துச் சொல்லும் கெடும். அதே கையேட்டில் 'துறைமுகம் 10000ஐத் திறக்கவும்' என்று இருந்தது. கப்பல் விட வேண்டும்போல. கப்பலுக்கான போர்ட் லத்தீன் 'போர்டுஸ்' வழி வந்தது. கணினியில் உள்ளது வாசல் என்னும் 'போர்டா' வழி. வாயில் என்று எழுதினால் தீர்ந்தது. 'ரூட்' என்ற தலைமைப் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்கும் இடத்தில் 'வேர் கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தோண்டவா என்று தம்பி கேட்டான்.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடமும் உண்டு. 2019 ஆகஸ்டில் வெப்மினில் ஒரு பின்வாசல் இருப்பது வெளியே வந்தது. 2018 ஏப்ரலில் யாரோ வெப்மின் குழுவின் பில்டு சர்வருக்குள், அதாவது மூலநிரலைப் பொதியாகக் கட்டித்தரும் கணினிக்குள், புகுந்து கடவுச்சொல் மாற்றும் நிரலில் கைவைத்திருந்தார்கள். 1.890ஆம் பதிப்பை நிறுவியவர்கள் எதையும் மாற்றாமலேயே மாட்டிக்கொண்டார்கள், 1.930இல்தான் சரியானது. இந்த எச்சரிக்கையின் தமிழாக்கம் ஒன்றைப் படித்தேன். 'சேவையகத்தை உருவாக்குக என்பது தாக்கப்பட்டது' என்று இருந்தது. 'பில்டு' என்பதை ஏவல்வினையாகப் படித்திருக்கிறார்கள். இதைப் படித்து எந்த நிர்வாகி உஷாராவார்? 10000ஆம் வாயிலை உலகத்துக்கே திறந்து வைக்காதே, உன் முகவரியை மட்டும் அனுமதி, முடிந்தால் எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கிய பாதை வழியாக மட்டும் போ, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கு என்ற நான்கு விஷயமும் அதற்குக் கீழே இருந்தன, அதே தமிழில்.

'அடிப்படையிலான' பற்றித் தனியாகத்தான் திட்ட வேண்டும். வலை அடிப்படையிலான, கணக்கு அடிப்படையிலான, அடிப்படை அடிப்படையிலான. தம்பியின் கையேட்டுக்கு நான் போட்ட தலைப்பு: 'தொலைவில் இருக்கும் வழங்கியை உலாவி வழியே நிர்வகிப்பது எப்படி'. ஆறாம் பக்கத்தில் 'அப்பாச்சியை மட்டும் நிறுத்தித் தொடங்குக. கணினியைத் தொடாதே' என்று எழுதினேன்.

மிச்சமிருப்பது கிளையன்ட், அதாவது வழங்கியிடம் கேட்டுப் பெறும் பக்கம். வாடிக்கையாளர் என்று எழுதியிருந்ததை அடித்தாயிற்று. தம்பி 'வாங்கி' என்கிறான். வழங்கி, வாங்கி, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று அவன் திருத்தி அனுப்பிய பிரதியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது: 'முதலில் வங்கியிலிருந்து வழங்கிக்கு இணைப்பு கொடுக்கவும்.'