பாட்டிக்கு ஏன் தைராய்டு மாத்திரை கூடிப்போகிறது?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், கிளினிக்குக்கு வரும் பாட்டிமார் பையில் பெரும்பாலும் இனிப்புநீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இருக்கும். சிலர் பையில் தைராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். லெவோதைராக்சின் என்பது அதன் பெயர்; தைராய்டு சுரப்பி போதிய அளவு ஹார்மோன் சுரக்காதவர்களுக்கு அதை ஈடுகட்டத் தருவது. பால்மரம் சீவிய காலத்தில் எழுதிக்கொடுத்த அதே அளவு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் தொடர்வதுண்டு. சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி மேய்க்கிறது. அதைப் பழைய காலத்துக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைந்தால் சத்தம் போடுவார், போதுமென்றால் அடங்கிவிடுவார். அந்தச் சத்தம்தான் ரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்எச். அதனால் டிஎஸ்எச் குறைவு என்றால் உடம்பில் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். தாளில் 'குறைவு' என்று பார்த்ததும் மாத்திரை பத்தவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கணக்கே தலைகீழாக இருக்கிறது. இந்தக் கங்காணிக்குக் காதும் கூர்மை. ரத்தத்தில் ஹார்மோன் இரண்டு மடங்கானால் டிஎஸ்எச் ஏறத்தாழ நூறு மடங்கு இறங்கிவிடும். மாத்திரை கொஞ்சம் கூடினாலே காட்டிக்கொடுக்கும்.

தைராய்டு குறைபாடு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அப்படியானால் அளவு மீறுவதும் பெண்களிடம் அதிகம் தெரிவது இயல்புதானே என்று கேட்கலாம். எண்ணிக்கை ஒரு பங்குதான். மீதி, தராசில் இருக்கிறது.

சுரப்பி முழுதாக ஓய்ந்துவிட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக்கணக்கு. 60 கிலோ என்றால் 100 மைக்ரோகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் இந்த ஹார்மோனைப் பெரிதும் செலவழிப்பது கொழுப்பல்ல, தசையும் உள்ளுறுப்புகளும்தான். கொழுப்பைக் கழித்த எடையை வைத்துப் பார்த்தால், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தெரியும் மாத்திரை வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடுகிறது. பெண்ணுக்குத் தசை முதலிலிருந்தே குறைவு. வயது ஏற ஏற அதுவும் தேய்ந்து, அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். தராசு முள் அதே 60-இல் நிற்கும், தேவை மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். ஹார்மோன் உடம்பில் கரையும் வேகமும் முதுமையில் குறைகிறது. மெலிந்த பாட்டிக்கு இது இன்னும் சீக்கிரம் மீறும்.

மீறினால் என்ன ஆகும்? எலும்பு எப்போதும் தன்னைக் கரைத்துக் கரைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கும். ஹார்மோன் கூடும்போது இரண்டு வேலையும் வேகமெடுக்கும், ஆனால் கட்டுவது பின்தங்கிவிடும். மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இதைத் தடுத்து வைத்திருக்கும். நின்ற பிறகு அந்தக் காவல் இல்லை. அப்புறம் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது.

தாத்தாக்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய இதயத் துடிப்பு ஆண்களுக்கு இயல்பாகவே கூடுதலாக வருவது. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு 1994-இல் வெளியிட்ட முடிவின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் டிஎஸ்எச் மிகத் தாழ்ந்திருந்தோருக்கு அடுத்த பத்தாண்டுகளில் இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. வயதானவர்களிடம் கைநடுக்கம், படபடப்பு எல்லாம் பளிச்சென்று தெரியாது. இளைப்பும் அசதியும்தான் தெரியும், 'வயசாச்சு' என்று விட்டுவிடுவோம்.

சிலருக்கு இந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. வயதோடு டிஎஸ்எச் கொஞ்சம் ஏறுவது இயற்கை. 65 வயது தாண்டி, டிஎஸ்எச் லேசாக மட்டும் ஏறியிருந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். மாத்திரை போட்டதால் அவர்களுடைய களைப்பு குறையவில்லை.

அளவு மீறிப்போக இன்னொரு வழியும் இருக்கிறது, இது என் பார்வையில் அதிகம் பேசப்படாதது. லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரோடு போட வேண்டும். கோப்பி, மைலோ, சோயாப்பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதைக் குடலில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எலும்புக்கென்று கால்சியம் சாப்பிடுவது பெரும்பாலும் பாட்டிமார்தான். இரண்டையும் சேர்த்தே விழுங்கினால் மாத்திரை முழுதும் ஏறாது, டிஎஸ்எச் கூடும், டாக்டர் அளவை உயர்த்துவார். பிறகு மகளோ மருமகளோ 'அம்மா, இதை காலையில தனியா போடுங்க' என்று சரிப்படுத்துவார்கள். நல்ல எண்ணம்தான். அந்த வாரமே, உயர்த்திய அளவு முழுதும் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும்.

ஆகவே பழக்கம் மாறினாலும், உடம்பு இளைத்தாலும் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும், பிட்யூட்டரி அதற்கேற்ப அடங்கி நிலைப்பட இன்னும் சில வாரம் போகும்.